மருவா, பாலுண்ணியா, கால் ஆணியா? பார்த்தே அடையாளம் காண்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவன் நான். "தம்பி, மருவுக்கு ஏதாவது குடு" என்று கேட்டு வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். எங்கே, காட்டுங்கள் என்றால் ஒருவர் கழுத்தைக் காட்டுவார், ஒருவர் செருப்பைக் கழற்றுவார், ஒரு அம்மா குழந்தையின் சட்டையைத் தூக்குவார், இன்னொருவர் செல்போனில் படத்தைப் பெரிதாக்குவார். நாலு பேரும் சொல்வது மருதான். ஆனால் நாலும் நாலு வேறு சமாச்சாரம். ஒன்றுக்குப் போடுவதை இன்னொன்றுக்குப் போட்டால் தோல் வெந்து போகும். நான் மருத்துவன் இல்லை. கவுண்டரில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், தோல் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மரு என்றால் சரியாக எது?

பேச்சுத் தமிழில் மரு என்ற சொல்லுக்குள் எல்லாமே அடங்கும். தோலுக்கு மேலே எழும்பி நின்றால் அது மரு. பழைய படங்களில் கன்னத்தில் கருப்பாக ஒன்றை ஒட்டிக்கொண்டு மாறுவேடம் போடுவார்களே, அதையும் மரு என்றுதான் சொல்கிறோம்.

மருத்துவர் மரு என்று சொல்வது இவற்றில் ஒன்றே ஒன்றை. எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. அந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கைக்கு வருவது ஒரு வகை, முகத்துக்கு வருவது வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத சின்னக் கீறல் வழியாகத் தோலின் மேலடுக்கில் புகுந்து, அந்த இடத்துச் செல்களை வேகமாகப் பெருக வைக்கிறது. தோல் தடித்து மேடாகிறது. அவ்வளவுதான். எலும்பு வரை வேர் போயிருக்கிறது என்பதெல்லாம் கதை.

கையில் வரும் சாதாரண மரு எப்படி இருக்கும்?

முதலில் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று, காய்ந்த சுண்ணாம்புச் சுவரைத் தொட்டது போல இருக்கும். அளவு கடுகில் தொடங்கிப் பட்டாணி வரை போகும். விரல், புறங்கை, முழங்கால், முழங்கை ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். அடிபடுகிற, உரசுகிற இடங்கள் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேற்பரப்பு ஒரே வழவழப்பாக இருக்காது. குட்டிக் குட்டி மொட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரு காலிஃப்ளவரை மிளகளவுக்குச் சுருக்கியது போல.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த அடையாளம். நம் தோலில், முக்கியமாக விரல் நுனியிலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும், ரேகைகள் ஓடுகின்றன அல்லவா? மரு இருக்கும் இடத்தில் அந்த ரேகை அறுந்து போயிருக்கும். ஆற்றின் நடுவே பாறை கிடந்தால் தண்ணீர் ஒதுங்கிப் போவது போல, கோடுகள் மருவைச் சுற்றிக்கொண்டு போகும். வெறும் காய்ப்பு என்றால் ரேகை அதன் மேலேயே தொடர்ந்து ஓடும்.

மருவுக்குள் கருப்புப் புள்ளிகள் தெரிகின்றனவே, அதுதான் விதையா?

விதையும் இல்லை, வேரும் இல்லை. மருவுக்குள் ஏறி வந்த நுண்ணிய ரத்தக்குழாய்களின் நுனியில் ரத்தம் உறைந்தால் ரவை அளவுக்குக் கருஞ்சிவப்பாக அல்லது கருப்பாகத் தெரியும். மருத்துவர் பிளேடால் மேல்தோலை லேசாகச் சீவினால், அதே இடங்களில் ஊசிமுனை அளவுக்கு ரத்தம் பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்க்கும். மரு என்று உறுதி செய்ய இது நல்ல சாட்சி.

ஊக்கை நெருப்பில் சுட்டு "விதையைத் தோண்டி எடுத்துவிட்டேன்" என்று பெருமையாக வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தோண்டிய இடத்தில் புண், இரண்டு மாதம் கழித்து அதைச் சுற்றி மூன்று புதிய மரு. வைரஸை அவரே நட்டிருக்கிறார்.

இணையப் படங்களில் மரு இளஞ்சிவப்பாக இருக்கிறது. என்னுடையது அப்படி இல்லையே?

அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் மரு தோலின் நிறத்திலேயே இருக்கும், அல்லது ஒரு படி கருத்து, பழுப்பாக, சாம்பலாக இருக்கும். அதனால்தான் இங்கே மருவையும் மச்சத்தையும் குழப்பிக்கொள்வது அதிகம். நிறத்தை நம்பாதீர்கள். சொரசொரப்பு, அறுந்த ரேகை, கரும்புள்ளி மூன்றையும் பாருங்கள்.

உள்ளங்காலில் கல் மேல் நடப்பது போல வலிக்கிறது. கால் ஆணியா, மருவா?

இந்தக் கேள்வியில் நானே ஏமாந்தவன். வலது குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கெட்டியான வட்டம். நாள் முழுக்க நின்று செய்யும் வேலை, கால் ஆணிதான் என்று முடிவு கட்டி, கடையில் விற்கும் வட்டப் பிளாஸ்டரை ஐந்து மாதம் மாற்றி மாற்றி ஒட்டினேன். தோல் வெளுத்து உரிந்தது, மறுபடி வந்தது. பிறகு பக்கத்திலேயே இரண்டு குட்டி. ஆணி குட்டி போடாதே என்று அப்போதுதான் உறைத்தது.

உள்ளங்கால் மரு மேலே எழும்பாது. உடம்பின் எடை அதை உள்ளே அழுத்திவிடும். அதனால் தட்டையாக, மேலே காய்ப்பு மூடி, பார்க்க ஆணி மாதிரியே இருக்கும். வித்தியாசம் காண இரண்டு வழி.

ஒன்று, வலி. கட்டைவிரலால் நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் கால் ஆணி. இரண்டு விரலால் பக்கவாட்டில் கிள்ளினால் சுரீர் என்றால் மருவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சில மரு நேராக அழுத்தினாலும் வலிக்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இரண்டு, மேல் காய்ப்பைச் சீவினால் தெரிவது. கால் ஆணியின் நடுவில் கண்ணாடி போல மங்கலான ஒரு கெட்டிக் கரு இருக்கும், ரத்தம் வராது. மருவில் கரும்புள்ளியும் ரத்தப் பொட்டும். சீவுவதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். குளித்து முடித்ததும், தோல் ஊறியிருக்கும்போது பார்த்தாலே கரும்புள்ளிகள் ஓரளவு தெரியும்.

இடமும் துப்பு தரும். ஆணி வருவது எலும்பு துருத்தி அழுத்தும் இடத்தில், செருப்பு கடிக்கும் இடத்தில். மரு எங்கும் வரும், பாதத்தின் குழிந்த பகுதியிலும் கூட. பல மரு ஒன்றுசேர்ந்து, தரையில் ஓடு பதித்தது போலப் பரவியும் வரலாம்.

முகத்தில் சின்னச் சின்னதாக, வழவழப்பாக வருகிறது. அதுவும் மருவா?

இருக்கலாம். தட்டை மரு என்று ஒன்று உண்டு. சொரசொரப்பே இருக்காது. ஒன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் அகலம், மேல்பக்கம் மழித்தது போலத் தட்டை. கண்ணாடி முன் நேராக நின்றால் தெரியாது, ஜன்னல் ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் திரும்பினால் நெற்றி, கன்னம், புறங்கை எல்லாம் புள்ளி புள்ளியாக எழும்பித் தெரியும். பரு என்று நினைத்துப் பருவுக்கான கிரீம் தடவிக்கொண்டிருப்பார்கள். பருவில் சீழ் அல்லது கருமுனை இருக்கும், சிவக்கும், வந்து போகும். இது அசையாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இதற்கென்று ஒரு கையெழுத்து உண்டு: வரிசை. ஷேவ் செய்த பாதையில், நகத்தால் கீறிய கோட்டில், மணி கோத்தது போல அடுத்தடுத்து முளைக்கும். பிளேடு வைரஸை இழுத்துக்கொண்டு போகிறது. தாடி எடுக்கும் இடத்தில் இப்படி வரிசை தெரிந்தால் முதலில் ஷேவிங்கை நிறுத்துங்கள், டிரிம்மரால் குறைத்துக்கொள்ளுங்கள். சலூனில் புது பிளேடு போடச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

உதடு, மூக்கு, கண் இமை ஓரத்தில் மெல்லிய முள் போல, நூல் நூலாக நீட்டிக்கொண்டு வருவதும் மருதான். அதன் நுனி கெட்டியாக இருக்கும்.

நகத்தைச் சுற்றி வந்தால்?

நகம் கடிப்பவர்களுக்கும், எந்நேரமும் தண்ணீரில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கும் அதிகம் வரும். நகத்தின் ஓரத்தில் தோல் தடித்து வெடித்து, நகச்சுற்று போலத் தோன்றும். நகச்சுற்று என்றால் விரல் விண்விண்ணென்று தெறிக்கும், வீங்கும், சில நாளில் சீழ் பிடிக்கும். மரு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நகத்துக்கு அடியில் போனால் நகத்தையே தூக்கும். வீட்டு வைத்தியத்துக்கு லாயக்கில்லாத இடம் இது. நகம் வளரும் அடிப்பகுதி கெட்டால் பிறகு நகம் கோணலாகத்தான் வரும்.

கழுத்திலும் அக்குளிலும் சின்னதாகத் தொங்குவதை எல்லோரும் மரு என்கிறார்களே?

கடைக்கு மரு என்று வருபவர்களில் பாதிப் பேர் காட்டுவது இதைத்தான். இது வைரஸ் மரு இல்லை. தொங்குதசை என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டால் மெத்தென்று இருக்கும், சின்னக் காம்பில் ஆடும், விரலால் இப்படியும் அப்படியும் தள்ளலாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்புக்குக் கீழே என்று தோலும் தோலும் உரசும் இடங்களில் வரும். ஒட்டாது, பரவாது, புற்றுநோயாகவும் மாறாது. சங்கிலியில் சிக்கி இழுபட்டால் மட்டும் தொல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கழுத்தில் இவை கொத்தாக இருந்து, பின்கழுத்துத் தோல் அழுக்குப் படிந்தது போலக் கருத்துத் தடித்திருந்தால், எவ்வளவு தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கே இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். களிம்பு கேட்டு வந்த எத்தனையோ பேரிடம், முதலில் சர்க்கரை பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். கர்ப்ப காலத்திலும் இவை புதிதாக முளைப்பது உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

அம்மாவுக்குக் கன்னமெல்லாம் கருப்புப் பொட்டுகள், அப்பாவுக்கு முதுகில் தடிப்பு. இவை?

கன்னத்திலும் கண்ணைச் சுற்றியும் கடுகு கடுகாக, கருப்பாக, லேசாக எழும்பியவை கருத்த தோல்காரர்களுக்குக் குடும்ப வழியில் வருபவை. பாட்டிக்கு இருந்தால் அம்மாவுக்கும் வரும். முதுகில் வயதானவர்களுக்கு வருவது மெழுகை உருக்கிச் சொட்டுவிட்டது போலத் தோலின் மேல் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுமே வைரஸ் இல்லை, ஆபத்தும் இல்லை.

குழந்தைக்கு உடம்பில் முத்து முத்தாக வந்திருக்கிறது. பாலுண்ணி என்கிறார்கள்.

பாலுண்ணி என்ற பெயரையும் ஊருக்கு ஊர் வேறு வேறு பொருளில் சொல்கிறார்கள். குழந்தைகளிடம் பார்ப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: வேகவைத்த ஜவ்வரிசி போலப் பளபளப்பு, உருண்டை, வழவழப்பு. உற்றுப் பார்த்தால் நடுவில் தொப்புள் போல ஒரு சின்னக் குழி. அந்தக் குழிதான் அடையாளம். மருவில் அது இருக்காது. இதுவும் வைரஸ்தான், ஆனால் எச்.பி.வி. அல்ல, பெரியம்மை வைரஸ் வகையைச் சேர்ந்த வேறொன்று. குளிப்பாட்டும் துண்டு, சொறிதல் வழியாகப் பரவும். பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குள் தானாகப் போய்விடும். கிள்ளி உள்ளிருக்கும் வெள்ளையை எடுக்காதீர்கள், அதில்தான் வைரஸ் இருக்கிறது. பெரியவர்களுக்கு முகம் நிறைய வந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

மறைவிடத்தில் வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கே படத்தை வைத்து ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். மென்மையாக, ஈரமாக, கோழிக்கொண்டை போல மடிப்பு மடிப்பாக வளர்வது பாலுறவு வழி வரும் மருவாக இருக்கலாம். அகலமாக, தட்டையாக, ஈரம் கசிந்துகொண்டு இருந்தால் மேகப்புண் எனப்படும் சிபிலிஸாகக்கூட இருக்கலாம், அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஊசியும் வேண்டும். இன்னொரு பக்கம், ஆண்குறி முனையைச் சுற்றி ஒரே அளவில் வரிசையாக இருக்கும் மிகச் சிறிய முத்துகள் இயற்கையான அமைப்பு, நோயே இல்லை. அதைப் பார்த்துத் தூக்கம் தொலைத்த இளைஞர்கள் நிறைய. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, இதையே தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்.

எச்.பி.வி.யில், மறைவிட மருவை உண்டாக்கும் 6, 11 வகைகளும், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் 16, 18 வகைகளும் வேறு வேறு. நான்கையும் தடுக்கும் தடுப்பூசி உண்டு. 2023 முதல் இந்தியத் தயாரிப்பான செர்வாவேக்கும் கிடைக்கிறது. கை, கால் மருவுக்கு அது போடப்படுவதில்லை.

எப்போது இது மரு இல்லை என்று சந்தேகப்பட வேண்டும்?

40 வயதுக்கு மேல் முதன்முறையாக ஒற்றை "மரு" முளைத்து வேகமாக வளர்ந்தால். தொட்டதும் ரத்தம் வந்தால், புண்ணாகி ஆறாவிட்டால். ஒரே நகத்தைச் சுற்றி வருடக்கணக்கில் எந்த வைத்தியத்துக்கும் அசையாமல் இருந்தால். இவையெல்லாம் தோல் புற்றுநோய் மருவின் வேடத்தில் வரும் இடங்கள்.

மச்சப் புற்றுநோயான மெலனோமா நம் நிறத்தவர்களுக்கு அரிது. வந்தால், வெயில் படும் முதுகை விட உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வரும். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரலில் கண்டுபிடித்தது இதைத்தான். கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்று முதலில் எண்ணியிருந்தார். 1981இல், 36 வயதில் இறந்தார். காலில் இருக்கும் கருப்புப் புள்ளியின் ஓரம் கோணல்மாணலாகப் பரவினால், நிறம் இடத்துக்கு இடம் மாறினால், மருவுக்கான ஆசிட் வைக்க வேண்டாம்.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தோலில் வரும் காசநோய். பாதம், கை, பிட்டத்தில் ஒற்றையாக, வலியில்லாமல், மரு போலச் சொரசொரவென்று தொடங்கும். மாதக்கணக்கில் ஒரு பக்கம் விரிந்துகொண்டே போகும், நடுவில் தழும்பாக ஆறிக்கொண்டு வரும். மருவுக்கு நடுவில் ஆறி ஓரத்தில் பரவும் பழக்கம் கிடையாது. சிறிது தோலெடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். மாத்திரையிலேயே குணமாகும்.

கோயிலில் உப்பு மிளகு போட்டேன், மரு உதிர்ந்துவிட்டதே?

உதிர்ந்திருக்கும், நான் மறுக்கவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவது, குளத்தில் வெல்லம் கரைப்பது எல்லாம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. என் அம்மாவும் எனக்காகப் போட்டிருக்கிறார். விஷயம் என்னவென்றால், குழந்தைகளுக்கு வரும் மருவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, எதுவுமே செய்யாவிட்டாலும், இரண்டு வருடத்துக்குள் தானாகப் போய்விடும். உடம்பு வைரஸை அடையாளம் கண்டுகொண்ட நாளில் உதிரும். அந்த வாரம் என்ன செய்திருந்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். வேண்டுதலால் தோலுக்குக் கெடுதல் எதுவும் இல்லை.

கெடுதல் வருவது மற்றவற்றில். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்தால் சுற்றியிருக்கும் நல்ல தோலும் வெந்து குழியாகும். அம்மான் பச்சரிசிப் பால் கண்ணில் பட்டால் எரித்துவிடும், அதை இமை மருவில் தடவும் ஆளும் இருக்கிறார். குதிரைவால் முடி கட்டி அறுப்பது காம்புள்ள தொங்குதசைக்குச் சில சமயம் பலிக்கும், சீழ் பிடிப்பதும் உண்டு. காம்பே இல்லாத மருவில் கட்டி என்ன பயன்?

கடையில் கிடைக்கும் மருந்தை நானே போடலாமா?

கை, காலில், மருதான் என்று உறுதியானால் போடலாம். சாலிசிலிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் கலந்த பெயிண்ட் அது. வெந்நீரில் ஊறவைத்து, செத்த தோலைத் தேய்த்து, சுற்றிலும் வாசலைன் பூசிவிட்டு மருவின் மேல் மட்டும் ஒரு சொட்டு. மூன்று மாதம் வரை ஆகும். மூன்றாம் நாளே பலிக்கவில்லை என்று பாட்டிலைத் திருப்பித் தர வருபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். முகம், மறைவிடம், மச்சம், தொங்குதசை எதிலும் போடக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் காலில் போடவே கூடாது. உணர்ச்சி மங்கிய பாதத்தில் ஆசிட் பட்டு வெந்தால் தெரியாது, தெரியும்போது புண் ஆழமாகியிருக்கும்.

மருத்துவரிடம் போனால் என்ன செய்வார்கள்?

முதலில் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவியை வைத்துப் பார்ப்பார். பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும். மரு என்றால் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் உறையவைப்பது, மின்சாரத்தால் சுடுவது, தட்டம்மை உள்ளிட்டவற்றுக்கான தடுப்பூசியான எம்.எம்.ஆரை மருவுக்குள்ளேயே போட்டு எதிர்ப்புச் சக்தியை உசுப்புவது என்று வழிகள் உண்டு. உறையவைத்த இடம் நம் நிறத்தில் சில மாதம் வெளுத்துத் தெரியலாம். கல்யாணம் நெருங்கும் நேரம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். மருதாணி இட்ட கையோடு போகாதீர்கள், கரும்புள்ளி தெரியாது. முந்தின நாள் பிளேடால் சீவிச் சுத்தமாக்கிக்கொண்டும் போக வேண்டாம், அவர் பார்க்க வேண்டியதே அந்த மேல்தோலைத்தான். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து எடுத்த படமாக இருந்தால், வளர்ந்திருக்கிறதா என்று அவரே அளந்து சொல்லிவிடுவார்.